பூ பூக்கிறது, காய் பிடிக்கவில்லை: அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகும் வழி

பூத்துக் குலுங்கும் செடி காய்க்காமல் நிற்கும்போது பெரும்பாலோர் கை முதலில் உரத்தைத்தான் தேடுகிறது. அந்தக் கையைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லவே இதை எழுதுகிறேன். நிறையப் பூக்கும் அளவுக்குச் செடியிடம் ஊட்டம் இருக்கிறது. அதன் பிறகும் காய் பிடிக்கவில்லை என்றால், காரணத்தைப் பூவுக்குள் தேடுவதுதான் முறை. மகரந்தம் சரியாக உருவாகாமல் போயிருக்கலாம். உருவானது மகரந்தப்பையை விட்டு வெளியே வராமல் இருக்கலாம். வெளியே வந்தது, பூவின் பெண் பகுதியின் நுனியான சூல்முடிக்குப் போய்ச் சேராமல் இருக்கலாம். சேர்ந்ததும்கூட அங்கே முளைக்காமல் போகலாம். இந்த நான்கில் எது என்று தெரியாமல் செய்யும் வைத்தியம் இருட்டில் கல்லெறிவதுதான். நல்ல வேளையாக, ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம் உண்டு.

கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ், ஒரு கறுப்புத் தாள், மெல்லிய தூரிகை, வண்ண நூல் துண்டுகள், பகலின் உச்ச வெப்பத்தையும் இரவின் குறைந்த வெப்பத்தையும் காட்டும் வெப்பமானி, அந்த எண்களைக் குறித்துவைக்க ஒரு நோட்டு. இவற்றில் ஒன்றை மட்டும்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் நான் நோட்டைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஏன் என்பது அடுத்த பகுதியில் தெரியும்.

முதலில் நாட்களைப் பின்னோக்கி எண்ணுங்கள்

பூ உதிர்ந்த நாளிலேயே காரணத்தைத் தேடுவதுதான் நாம் பெரும்பாலும் செய்யும் தவறு. பூ விரிகிற காலையில் மகரந்தம் உருவாவதில்லை. மொட்டு சில மில்லிமீட்டர் நீளத்தில், பச்சையாக, இறுக மூடிக் கிடக்கும்போதே அந்த வேலை தொடங்கிவிடுகிறது.

ஒரு மகரந்தப்பையைக் குறுக்காக வெட்டினால் பொதுவாக நான்கு அறைகள் தெரியும். ஒவ்வோர் அறையும் மகரந்தத் தாய் செல்களால் நிறைந்திருக்கும். ஒவ்வொரு தாய் செல்லும் குன்றல் பகுப்பு அடைந்து, குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகிப்போன நான்கு நுண்வித்துகளாகிறது. நான்கும் முதலில் கேலோஸ் என்ற உறைக்குள் சேர்ந்தே கிடக்கின்றன. அறையின் உட்பக்கத்தில் டபீட்டம் என்றொரு திசு இருக்கிறது. அது ஒரு நொதியைச் சுரந்து அந்த உறையைக் கரைக்கிறது, நான்கையும் விடுவிக்கிறது, உணவூட்டுகிறது, வெளிச்சுவர் கட்டத் தேவையான ஸ்போரோபொலினினையும் தருகிறது. (ஸ்போரோபொலினின் அமிலத்துக்கும் எளிதில் கரையாத பொருள். ஏரியடிச் சேற்றில் பல்லாயிரம் ஆண்டுகளாகப் புதைந்து கிடந்த மகரந்தத்தை இன்றும் இன்ன செடியினுடையது என்று சொல்ல முடிவது அந்தச் சுவரால்தான்.) பிறகு நுண்வித்து சமமில்லாத இரண்டு செல்களாகப் பிரிகிறது. பெரிய செல் பின்னாளில் மகரந்தக் குழலை வளர்க்கும். அதற்குள் மிதக்கும் சிறிய செல் இரண்டு ஆண் கேமீட்டுகளாகும், அதாவது ஆண் இனச்செல்களாகும்.

டபீட்டம் ஒரு தாதி. தாதி நோய்ப்பட்டால் பிள்ளை தேறாது. கடும் வெப்பத்தில் முதலில் நிலைகுலைவதும் இந்தத் திசுதான். காலத்துக்கு முன்பே அது சிதைந்துபோனால், உள்ளே சுருங்கிய, வெறும் கூடான மகரந்தம்தான் மிஞ்சும். தக்காளியில் இந்த நெருக்கடிக் கட்டம், பூ விரிவதற்கு ஏறத்தாழ 8 முதல் 13 நாட்களுக்கு முன் வருகிறது. அப்படியானால் இன்று உதிரும் பூவுக்கான காரணம் கிட்டத்தட்ட பத்து நாட்களுக்கு முந்தைய பக்கத்தில் எழுதியிருக்கும். இன்று வானம் குளிர்ந்திருப்பதைப் பார்த்து, “வெயில்தான் இல்லையே, பிறகு ஏன்?” என்று குழம்பிப் பயனில்லை. மறுபுறம், வெப்பம் தணிந்த மறுநாளே காய் பிடிக்கும் என்று எதிர்பார்த்து, பிடிக்காததும் செடியைப் பிடுங்கி எறிந்தவர்களை நான் அறிவேன். இன்னும் பத்து நாட்கள் பொறுத்திருந்தால் புது மொட்டுகளில் நல்ல மகரந்தம் வந்திருக்கும். அதை நினைத்தால் இன்றும் மனம் பொறுக்கவில்லை.

பூவின் பெண் பகுதியான சூலகத்துக்குள், பின்னால் விதையாகும் சூல்களிலும் இதே போன்ற வேலை நடக்கிறது. அங்கே குன்றல் பகுப்பில் பிறக்கும் நான்கில் பொதுவாக மூன்று அழிந்து ஒன்றே நிலைக்கும். அந்த ஒன்று மூன்று சுற்றுப் பகுப்புக்குப் பின் 7 செல்களும் 8 உட்கருக்களும் கொண்ட கருப்பையாகிறது. சூல்கள் பொதுவாக மகரந்தத்தைவிட வெப்பத்தைத் தாங்கும். ஆகவே சந்தேகத்தை முதலில் ஆண் பக்கத்தின் மேல் வையுங்கள்.

அறிகுறி: பூ விரிகிறது, இரண்டு மூன்று நாளில் காம்போடு உதிர்கிறது

தக்காளியில் உதிர்ந்த பூவை எடுத்துப் பாருங்கள். காம்பின் நடுவில் இருக்கும் கணுவில் சுத்தமாகக் கழன்றிருந்தால், கருவுறாத பூவைச் செடி தானாகவே கழற்றிவிட்டது என்று பொருள். பூச்சி கடித்ததாக இருந்தால் வெட்டு சீராக இருக்காது.

அடுத்து, நடுக்காலையில் அன்று நன்றாக விரிந்த ஒரு பூவைப் பறிக்காமல் அதன் கீழே கறுப்புத் தாளைப் பிடியுங்கள். காம்பின் பின்புறம் விரல் நகத்தால் நாலைந்து முறை சுண்டுங்கள். தாளில் வெளிர்மஞ்சள் தூள் மெல்லிய படலமாக விழுகிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

தூள் நன்றாக விழுந்தால், மகரந்தம் இருக்கிறது, உலுக்கத்தான் ஆளில்லை. தக்காளியின் மகரந்தப்பைகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு கூம்பாகி, சூல்முடியைத் தாங்கும் சூல்தண்டைச் சுற்றி நிற்கின்றன. தூள் அந்தக் கூம்புக்குள்ளேயே கொட்டி, கூம்பின் நுனியில் இருக்கும் சூல்முடியில் படவேண்டும். திறந்த வெளியில் காற்றின் ஆட்டமே பல நேரம் போதும். பம்பிள் தேனீ பூவைக் கவ்விக்கொண்டு, சிறகுகளை ஓட்டாமல் சிறகுத் தசையை மட்டும் அதிரவிட்டு, தூளைக் கொட்டவைக்கும். சாதாரணத் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. கண்ணாடிக் கூடத்திலோ மூடிய பால்கனியிலோ காற்றும் இல்லை, பம்பிள் தேனீயும் இல்லை. அங்கே மின்சாரப் பல் துலக்கியின் பின்புறத்தைப் பூங்கொத்தின் காம்பில் இரண்டு நொடி வைத்தால் போதும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்யுங்கள். பூவின் மேல் வைக்காதீர்கள், காம்பில் வையுங்கள்.

தூள் விழாமல், ஆனால் கூம்பைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டிருந்தால், ஈரப்பதம் மிகுந்திருக்கிறது. காற்றோட்டம் கொடுங்கள். ஈரம் தணிந்த நண்பகலை ஒட்டி உலுக்குங்கள். இதற்கு நேர்மாறாக, காற்று மிக வறண்டிருந்தால் தூள் தாராளமாகக் கொட்டும், சூல்முடியில் ஒட்டாது.

தூளே இல்லை, அல்லது பெயரளவுக்கு இருக்கிறது என்றால் நோட்டைத் திறக்கவேண்டிய நேரம். பகல் வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டியும் இரவு வெப்பம் 21 முதல் 24 டிகிரிக்கு மேலேயே நின்றும் பல நாட்கள் போயிருந்தால் அதுவே காரணம். இரவு 13 டிகிரிக்குக் கீழே இறங்கியிருந்தாலும் இதே விளைவுதான். பகல் வெயிலைக் கவனிக்கும் அளவுக்கு இரவு வெப்பத்தை யாரும் கவனிப்பதில்லை. என் அனுபவத்தில் பல புதிர்களுக்கு விடை இரவில்தான் இருந்தது. பகல் உச்சியில் நிழல்வலை, சீரான நீர், பொறுமை, இவை மூன்றும்தான் மருந்து. வெப்ப அலையின்போது உரத்தைக் கூட்டுவது எந்த வகையிலும் உதவாது. தழைச்சத்து மிகுந்தால் செடி இலையைத்தான் வளர்க்கும்.

லென்ஸில் இன்னொன்றையும் பாருங்கள். கூம்பின் நுனியைத் தாண்டி ஒரு பச்சை ஊசி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா? வெப்பத்தில் சூல்தண்டு நீண்டு சூல்முடி வெளியே வந்துவிடுவதுண்டு. உள்ளே கொட்டும் தூள் அதன் மேல் படாது. இந்தப் பூவை உலுக்குவது வீண். வேறொரு பூவின் தூளைத் தாளில் தட்டி எடுத்து, தூரிகையால் அந்த ஊசியின் நுனியில் தொட்டு வையுங்கள்.

மிளகாயிலும் குடைமிளகாயிலும் இதே ஆய்வு பொருந்தும். அவரை இனங்களில் பலவற்றில் பூ விரிவதற்கு முன்பே தன்மகரந்தச் சேர்க்கை முடிந்துவிடும். அங்கே தேனீ வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், வெப்பத்தையும் நீரையும் மட்டும் பாருங்கள்.

அறிகுறி: கத்தரியில் சில பூக்கள் மட்டும் காய்க்கின்றன, மற்றவை எப்போதும் உதிர்கின்றன

இதில் பிழை எதுவும் இல்லாமலேயே இருக்கலாம். கத்தரியில் ஒரே செடியில் சூல்தண்டு நீண்ட பூ, நடுத்தரப் பூ, குட்டைப் பூ என்று வகைகள் வரும். மகரந்தப்பைகளின் கூம்புக்கு மேலே சூல்முடி தெரிந்தால் அந்தப் பூ காய்க்கும். கூம்பின் வாயில் சமமாக நின்றால் ஓரளவு காய்க்கும். கூம்புக்குள்ளேயே புதைந்து, மேலே இருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியவில்லை என்றால் அந்தப் பூவில் சூலகம் சரியாக வளரவில்லை, அது உதிரத்தான் செய்யும். பத்துப் பூக்களை இப்படிப் பார்த்து எண்ணுங்கள். பெரும்பாலானவை குட்டைப் பூக்களாக இருந்தால் செடி பாரம் தாங்காமல் இருக்கிறது. முற்றிய காய்களைப் பறித்துப் பாரத்தைக் குறையுங்கள்.

அறிகுறி: பூசணி, சுரை, வெள்ளரியில் பூ மட்டும், பிஞ்சே இல்லை

பூவின் அடியைப் பாருங்கள். மெல்லிய காம்பு நேராகப் பூவில் முடிந்தால் ஆண் பூ. இதழுக்குக் கீழே காயின் குட்டி உருவம் இருந்தால் பெண் பூ. இந்தக் குடும்பத்தில் பெரும்பாலான ரகங்களில் ஆண் பூக்கள் ஒன்றிரண்டு வாரம் முந்தி வரும். முதல் வாரத்து உதிர்வு இயல்பானது, காத்திருங்கள். வாரங்கள் பல கடந்தும் ஆண் பூவாகவே இருந்தால், நீண்ட பகலும் மிகுந்த வெப்பமும் ஆண் பூக்களைக் கூட்டுகின்றன என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தழைச்சத்தையும் குறையுங்கள்.

அறிகுறி: பிஞ்சு வருகிறது, மஞ்சளாகி, வெம்பி, விழுகிறது

பூசணிக் கொடி வைத்திருப்பவர்களிடமிருந்து எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இதுதான். இங்கேதான் ஊகத்தை விட்டுவிட்டுச் சோதித்துப் பார்க்கச் சொல்வேன்.

மறுநாள் விரியப்போகும் மொட்டுகளை முந்தின மாலையே அடையாளம் காணலாம். நுனியில் மஞ்சள் ஏறியிருக்கும், இன்னும் முறுக்கு அவிழ்ந்திருக்காது. ஒரே கொடியில் அல்லது ஒரே ரகக் கொடிகளில் ஆறு பெண் மொட்டுகளைத் தேர்ந்தெடுங்கள். மூன்றின் காம்பில் சிவப்பு நூல் கட்டுங்கள், மூன்றில் வெள்ளை நூல். காலையில் பூ விரிந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள், அன்று மலர்ந்த ஓர் ஆண் பூவைப் பறித்து இதழ்களை உரித்துவிடுங்கள். நடுவில் தூள் அப்பிய தண்டு மட்டும் நிற்கும். அதைச் சிவப்பு நூல் பூவின் சூல்முடியில் மெதுவாகத் தொட்டுத் தேயுங்கள். சூல்முடி மூன்று மடல்களாக இருக்கும். மூன்றிலும் சுற்றிவரத் தடவுங்கள். மடல்களின் பிசுபிசுப்பில் மஞ்சள் மணிகள் ஒட்டி நிற்பது லென்ஸ் இல்லாமலே தெரியும், பூசணியின் மகரந்தம் அவ்வளவு பெரியது. வெள்ளை நூல் பூக்களைத் தொடவே வேண்டாம்.

ஒரு வாரம் பொறுங்கள். சிவப்பு நூல் பிஞ்சுகள் பருத்து, வெள்ளை நூல் பிஞ்சுகள் வெம்பினால் மகரந்தம் கொண்டுவரும் பூச்சி இல்லை என்பது உறுதி. இரண்டும் வெம்பினால் பூச்சியின் மேல் குற்றமில்லை. மகரந்தத்தின் தரத்தையோ, வேரையோ, நீரையோ, கொடி ஏற்கெனவே சுமக்கும் காய்களின் எண்ணிக்கையையோ பாருங்கள். இரண்டும் பருத்தால் உங்கள் பிரச்சினை ஏற்கெனவே தீர்ந்துவிட்டது.

இந்தச் சோதனை முறைக்கு வயது முந்நூறுக்கு மேல். ஜெர்மனியின் டூபிங்கனில் பேராசிரியராக இருந்த ரூடால்ஃப் காமராரியஸ், ஆமணக்கில் ஆண் பூக்களை விரியும் முன்பே கிள்ளிவிட்டுப் பார்த்தார். முளைக்கும் விதை ஒன்றும் கிடைக்கவில்லை. 1694-ல் அவர் அதை எழுதியபோதுதான் தாவரங்களுக்கும் ஆண், பெண் உறுப்புகள் உண்டு என்பதற்குச் சோதனை வழியான சான்று கிடைத்தது. நூல் கட்டி ஒரு பகுதியை மட்டும் மாற்றி மறுபகுதியை அப்படியே விடும் எளிமையைவிட நல்ல கருவியை நான் இன்னும் பார்க்கவில்லை.

பூச்சி இல்லை என்று தெரிந்தால், ஏன் இல்லை என்ற கேள்வியையும் விட்டுவிடாதீர்கள். பூ விரிந்திருக்கும் காலை நேரத்தில் மருந்து தெளிப்பவராக இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். தேனீயைக் கொன்றுவிட்டுக் காய்க்காகக் காத்திருப்பது எனக்குத் தாங்க முடியாத காட்சி. தெளித்தே ஆகவேண்டும் என்றால் பூக்கள் மூடிய மாலையில், தேனீக்குத் தீங்கு செய்யாத மருந்தைத் தெளியுங்கள். சில பூஞ்சைக்கொல்லிகள் தேனீயை விட்டுவைத்தாலும் மகரந்தம் முளைப்பதைக் கெடுத்துவிடும். பூக்கும் காலத்தில் அவற்றையும் தவிர்ப்பது நல்லது.

ஒரு விதிவிலக்கு: கண்ணாடிக் கூடங்களுக்கென்றே உருவாக்கிய சில வெள்ளரி ரகங்கள் கருவுறாமலேயே காய்க்கும். விதைப் பொட்டலத்தில் அப்படிக் குறித்திருந்தால் கைச்சேர்க்கை செய்யாதீர்கள். செய்தால் காயில் விதை பிடித்து, ஒரு முனை பருத்து உருவம் கெடும்.

அறிகுறி: காய் பிடிக்கிறது, உருவம் கோணலாக இருக்கிறது

வளைந்த தர்பூசணியும் ஒரு பக்கம் சப்பையான ஆப்பிளும் முடிச்சு விழுந்த ஸ்ட்ராபெரியும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. மகரந்தம் வந்தது, போதுமான அளவுக்கு வரவில்லை. தர்பூசணியின் ஒரு பெண் பூவில் சீரான காய்க்கு ஏறத்தாழ ஆயிரம் மகரந்த மணிகள் மூன்று மடல்களிலும் பரவலாக விழவேண்டும். அதற்குத் தேனீ எட்டு முறையாவது வந்துபோக வேண்டும். ஒரு மடலில் மட்டும் நிறைய விழுந்தால் அந்தப் பக்கத்தில் மட்டும் விதை பிடித்து, அந்தப் பக்கம் மட்டும் பருக்கும்.

ஸ்ட்ராபெரியில் இதைக் கண்ணாலேயே படிக்கலாம். பழத்தின் மேல் தெரியும் ஒவ்வொரு சிறு மணியும் தனித்தனிக் கனி. கருவுற்ற மணி ஆக்ஸின் என்ற வளர்ச்சிப் பொருளைச் சுரந்து, தன்னைச் சுற்றியுள்ள சதையைப் பருக்க வைக்கிறது. 1950-ல் நிட்ச் என்ற ஆய்வாளர் இளம் ஸ்ட்ராபெரியின் மணிகளை நீக்கிக் காட்டினார். நீக்கிய இடத்தில் சதை வளரவில்லை, ஆக்ஸின் தடவியதும் வளர்ந்தது. உங்கள் கோணல் பழத்தில் பள்ளமான இடத்தை லென்ஸில் பாருங்கள். அங்கே மணிகள் சிறுத்து நெருக்கமாக நிற்கும். பருத்த இடத்தில் பெரிதாக, தள்ளித் தள்ளி இருக்கும். பள்ளத்து மணிகள் மகரந்தம் கிடைக்காதவை. மென்மையான தூரிகையைப் பூவின் நடுமேட்டைச் சுற்றி ஒரு முறை ஓட்டினால் அடுத்த பழம் சீராக வரும்.

அறிகுறி: மக்காச்சோளக் கதிரில் பல் விழுந்தாற்போல இடைவெளி

மக்காச்சோளத்தில் கதிருக்கு வெளியே தொங்கும் ஒவ்வொரு பட்டு நூலும் ஒரு சூலின் சூல்முடிதான். ஒரு நூலுக்கு ஒரு மணி. நூல் தவறினால் மணி தவறும். உச்சியில் இருக்கும் ஆண் குஞ்சத்திலிருந்து காற்றில் இறங்கும் தூள் அந்த நூலில் ஒட்டி முளைத்து, ஏறத்தாழ ஒரு நாளில் நூலின் முழு நீளத்தையும் குழலால் கடந்து சூலை அடைகிறது. ஒற்றைச் செல்லிலிருந்து கிளம்பும் குழல் இவ்வளவு தூரம் போவதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

மணி பிடித்ததா என்பதைக் கதிர் முற்றும் வரை காத்திராமலே தெரிந்துகொள்ளலாம். நூல்கள் எல்லாம் வெளியே வந்து சில நாட்கள் ஆனபின் ஒரு கதிரைப் பறியுங்கள். மேலுறைகளைக் கத்தியால் நீளவாக்கில் கீறி, நூல்களை இழுக்காமல் கவனமாகப் பிரியுங்கள். பிறகு கதிரைத் தலைகீழாகப் பிடித்து மெதுவாக உலுக்குங்கள். கருவுற்ற சூலின் நூல் அடியில் கழன்று விழுந்துவிடும். கருவுறாத சூலின் நூல் பிடித்துக்கொண்டே நிற்கும். எந்த இடத்தில் நூல் நிற்கிறதோ அந்த இடத்தில்தான் நாளை பல் விழும்.

இடைவெளி கதிர் முழுவதும் சிதறி இருந்தால் தூள் பற்றாக்குறை. ஒரே நீள வரிசையாக நட்டவர்களுக்கு இது அதிகம் நேரும், தூள் காற்றோடு வரிசைக்கு வெளியே போய்விடும். அதே எண்ணிக்கைச் செடிகளை நான்கு குறுவரிசைகளாக, ஒரு கட்டமாக நட்டால் போதும். நுனியில் மட்டும் மணி இல்லையென்றால் உற்றுப் பாருங்கள். நுனி நூல்கள்தான் கடைசியில் வருகின்றன. அவை வருவதற்குள் குஞ்சத்தில் தூள் தீர்ந்திருந்தால் அங்கே வெறும் சூல்கள் இருக்கும். மணி தொடங்கிப் பின் சுருங்கிக் கிடந்தால் அவை கருவுற்றவைதான், பின்னர் நீரின்றிச் செடி கைவிட்டிருக்கிறது. நூல்கள் கத்தரித்தாற்போலக் குட்டையாக இருந்தால் பூச்சி தின்றிருக்கிறது.

அறிகுறி: மரம் வெள்ளமாகப் பூக்கிறது, தேனீக்களும் மொய்க்கின்றன, ஒரு காயும் இல்லை

ஆப்பிள், இனிப்புச் செர்ரி, பாதாம் போன்றவற்றில் பல ரகங்கள் தங்கள் மகரந்தத்தைத் தாங்களே ஏற்பதில்லை. தூள் நன்றாக இருக்கிறது, சூல்முடியும் நன்றாக இருக்கிறது, குழல்கூட முளைக்கிறது. ஆனால் சூல்தண்டுக்குள் இறங்கும்போது, மகரந்தம் சுமக்கும் எஸ்-மரபணுவின் வடிவமும் தண்டு சுமக்கும் வடிவமும் ஒன்றாக இருந்தால், தண்டில் உள்ள ஒரு நொதி குழலின் வளர்ச்சியை நிறுத்திவிடுகிறது. நெருங்கிய உறவில் கலப்பதைத் தவிர்க்க மரம் வைத்திருக்கும் காவல் இது. இதை உரத்தாலும் மருந்தாலும் உடைக்க முடியாது, உடைக்கவும் கூடாது. அதே பருவத்தில் பூக்கும் வேறொரு ரகம் அருகில் வேண்டும். ஒரே ரகத்தில் பத்து மரம் நட்டாலும் அவை ஒட்டுக்கட்டிப் பெருக்கியவை என்பதால் மரபில் ஒரே மரம்தான். பிராம்லி போன்ற மும்மடிய (குரோமோசோம் தொகுதிகள் மூன்று கொண்ட) ஆப்பிள் ரகத்தைத் துணையாக நட்டவர்கள் ஏமாந்துபோவதுண்டு, அதன் மகரந்தமே பெரும்பாலும் மலடு. சோதித்துப் பார்க்க வேண்டுமானால் வேறு ரகத்தின் பூக்கிளை ஒன்றை வெட்டி, நீர் நிறைந்த வாளியில் வைத்து, மரத்தில் தொங்கவிடுங்கள். தேனீ மீதியைச் செய்யும். அந்த ஆண்டு காய்த்தால் நோய் என்ன என்று தெரிந்துவிட்டது.

கிவி, பேரீச்சை, பப்பாளி என்றால் முதலில் அது ஆணா பெண்ணா என்று பாருங்கள். பப்பாளியில் நீண்ட காம்பில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் பூக்கள் ஆண் மரத்தின் அடையாளம்.

அறிகுறி: காய் இருக்கிறது, விதை இல்லை அல்லது வெறும் சப்பை

குளிர்ந்த இரவுகளில் குடைமிளகாய் சிறுத்து, சப்பையாகி, உள்ளே விதையில்லாமல் வருவது மகரந்தம் பழுதானதால்தான். இரவு வெப்பம் 15 டிகிரிக்கு மேல் ஏறியபின் வரும் மொட்டுகளில் சரியாகிவிடும். விதையில்லாத் தர்பூசணியை நட்டு ஒரு காயும் கிடைக்காதவர்கள், அது மும்மடியச் செடி என்பதை நினைவில் கொள்ளுங்கள். அதன் மகரந்தம் வேலைக்கு ஆகாது, ஆனால் காய் பருக்க மகரந்தத்தின் தூண்டுதல் வேண்டும். சாதாரண ரகக் கொடி ஒன்று பக்கத்தில் இருக்கவேண்டும்.

எதிலும் பிடிபடவில்லை என்றால்: மகரந்தத்தை முளைக்கவைத்துப் பாருங்கள்

பள்ளியில் கிடைக்கும் சாதாரண நுண்ணோக்கி போதும். 100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் 10 கிராம் சர்க்கரை, 10 மில்லிகிராம் போரிக் அமிலம், 30 மில்லிகிராம் கால்சியம் நைட்ரேட். பிரூபேக்கரும் குவாக்கும் 1963-ல் வெளியிட்ட கரைசலின் சாரம் இது. மகரந்தக் குழல் வளர போரானும் கால்சியமும் வேண்டும் என்பதால்தான் அவை இதில் இருக்கின்றன. போரிக் அமிலம் நஞ்சு, குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.

முதலில் காசித்தும்பையில் பழகுங்கள், அதன் மகரந்தம் விரைவாக முளைக்கும். புதிதாக விரிந்த பூவின் தூளைக் கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டுக் கரைசலில் தூவி, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பாருங்கள். ஒரு மணியின் ஓரம் மெல்ல உப்பும். உப்பிய இடம் நீண்டு, ஒளி ஊடுருவும் விரலாகும். அந்த விரலுக்குள் சிறு துகள்கள் நுனியை நோக்கி ஓடி, நுனியருகே திரும்பி வரும். இத்தாலியின் ஜியோவானி அமிச்சி, சூல்முடியில் மகரந்தம் குழல் விட்டதை 1820-களில் முதன்முதலாகக் கண்டபோது பார்த்ததும் இந்தத் துகள் ஓட்டத்தைத்தான்.

பக்கத்திலேயே இன்னொரு தூளை வெறும் நீரில் இடுங்கள். பல மணிகள் நீரை உறிஞ்சி வெடித்து, உள்ளிருப்பதைக் கக்கிவிடும். பூக்கும் நாட்களில் மழை ஏன் காய்ப்பைக் குறைக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

பிறகு உங்கள் செடியின் தூளை வைத்து, நூறு மணிகளில் எத்தனை குழல் விட்டன என்று எண்ணுங்கள். இனத்துக்கு இனம் கரைசல் மாறும் என்பதால், நன்றாகக் காய்க்கும் அதே வகைச் செடியின் தூளோடு ஒப்பிட்டால்தான் எண்ணுக்குப் பொருள் உண்டு. சாயம் ஏற்றிப் பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அசிட்டோகார்மைனில் சிவந்த மணி எல்லாம் முளைக்கும் மணி என்று பொருளில்லை.

அறிகுறி: போன ஆண்டு விதையில் இந்த ஆண்டு வேறு காய்

பக்கத்துக் கொடியின் மகரந்தம் பட்டால் இந்த ஆண்டுக் காயின் சுவையே மாறிவிடும் என்ற நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. பூசணியிலும் வெள்ளரியிலும் சதை தாய்ச்செடியின் உடல், தந்தை யாராக இருந்தாலும் அது மாறாது. மாற்றம் விதைக்குள் இருக்கிறது, அடுத்த ஆண்டு முளைத்த கொடியில் வெளிப்படும். மக்காச்சோளம் மட்டும் அந்த ஆண்டே காட்டிக்கொடுக்கும். இரண்டு ஆண் கேமீட்டுகளில் ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகிறது, மற்றொன்று கருப்பையின் நடுவில் உள்ள இரண்டு உட்கருக்களோடு சேர்ந்து, கருவுக்கு உணவாகும் கருவூண் திசுவாகிறது. செர்கெய் நவாஷின் 1898-ல் லில்லி வகைப் பூக்களில் கண்டறிந்த இரட்டைக் கருவுறுதல் இதுதான். நாம் தின்னும் மணியின் பெரும்பகுதி அந்தக் கருவூண் திசு என்பதால், மஞ்சள் கதிரின் நடுவே ஒற்றை நீல மணி தெரிந்தால் அதன் தந்தை வேறு செடி.

கலந்துபோன பூசணி விதையில் வந்த காய் கசந்தால் தின்னாதீர்கள். அந்தக் கசப்பு குக்குர்பிட்டாசின் என்ற நஞ்சு, சமைத்தாலும் போகாது.

விதை எடுக்க விரும்பினால், முந்தின மாலையே ஓர் ஆண் மொட்டையும் ஒரு பெண் மொட்டையும் நுனியில் நூலால் கட்டி விரியவிடாமல் வைத்திருங்கள். காலையில் அவிழ்த்து, கைச்சேர்க்கை செய்து, பெண் பூவின் இதழ்களை மறுபடி மூடிக் கட்டிவிடுங்கள். காம்பில் சிவப்பு நூலையும் தேதியையும் கட்டுங்கள். காய் முழுக்க முற்றி, காம்பு காய்ந்தபின், அந்த நூல் இருக்கும் காயிலிருந்து மட்டும் விதை எடுங்கள்.